பீரோவுக்குப் பின்னாடி கறுப்புப் புள்ளி: வாடகை வீட்டுச் சுவர் ஏன் வியர்க்கிறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வார எபிசோடை சிவகாசியில் அக்கா வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து பதிவு பண்றேன். பின்னாடி கடகடன்னு ஒரு சத்தம் கேட்கும். பக்கத்துத் தெரு ஆஃப்செட் பிரஸ். காலண்டர் சீசன், ராத்திரி ஷிஃப்டும் ஓடுது. மைக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் சத்தம் போகலை, அப்படியே விட்டுட்டேன்.

போன வருஷம் ஐப்பசியில் அக்கா எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். படுக்கையறையில் பீரோவை நகர்த்தியபோது பின்னாடி சுவரில் கறுப்பாகப் புள்ளி புள்ளியாக ஏதோ பூத்திருந்தது. மிளகைத் தூவி விட்ட மாதிரி. கீழே ஒரு வரி: "டேய், பூசணம் மாதிரி இருக்கு. தம்பிக்கு நாலு நாளா மூச்சு இழுக்குது. என்ன பண்ணட்டும்?" தம்பி என்று அவள் சொன்னது என்னை இல்லை, அவள் பையனை. நாலு வயசு.

நான் அப்போது சென்னையில். ஆபீஸ் மீட்டிங் நடுவில் போனில் தேடினேன். இங்கிலாந்துக்காரர் ஒருவர் வீடியோவில் அழகாக விளக்கினார்: ஜன்னலைத் திறந்து வை, காற்று உள்ளே வரட்டும், பூஞ்சணம் போய்விடும். அதையே அக்காவுக்கு அனுப்பினேன். "தினமும் காலையில எந்திரிச்ச உடனே ஜன்னலத் திறந்து வைக்கா."

சொன்னபடி செய்தாள். பத்து நாளில் கறுப்பு இரண்டு மடங்காகிவிட்டது.

என் யோசனைதான் அதைக் கெடுத்தது. அது எப்படி என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாசம் ஆனது. அந்த ஒரு மாசக் கதைதான் இந்த எபிசோடு.

யார் தப்பு?

முதலில் சண்டையைச் சொல்லிவிடுகிறேன். வாடகை வீட்டில் பூஞ்சணம் என்றால் அது சுவரில் ஆரம்பித்து அட்வான்ஸில்தான் போய் முடியும்.

அக்கா குடியிருப்பது மாடி வீடு. மேலே மொட்டை மாடி, அதன்மேல் தண்ணீர்த் தொட்டி. ஹவுஸ் ஓனர் கீழ் வீட்டில். மோசமான மனிதர் இல்லை, தீபாவளிக்குப் பையனுக்கு ஒரு பை நிறைய வெடி கொடுத்து அனுப்புகிறவர். ஆனால் சுவரைக் காட்டினதும் குரல் மாறிவிட்டது. "துணிய உள்ளயே காயப்போடுறீங்க. ஏசியப் போட்டுக் கதவப் பூட்டிக்கிறீங்க. முன்னாடி இருந்தவங்க எட்டு வருஷம் இருந்தாங்க, ஒரு புள்ளி வரல. காலி பண்ணும்போது பெயின்ட் செலவ அட்வான்ஸ்ல கழிச்சுக்குவேன், இப்பவே சொல்லிட்டேன்."

அக்கா பக்கத்து நியாயம் வேறு. "மேல தண்ணி ஒழுகுது. மூலையில பாரு, ஈரம் இறங்கிருக்கு. அதச் சரி பண்ணாம என்னையச் சொல்றாரு."

கேட்டால் இரண்டும் நம்புகிற மாதிரிதான் இருக்கும். நான் அக்கா கட்சி என்பதால் ஓனரைத் திட்டிக்கொண்டே ஊருக்கு வந்தேன்.

காய்ந்த ஊரில் ஈரம்

சிவகாசியைத் தெரியாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஊர் பிழைப்பதே வறட்சியால்தான். மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, தென்மேற்குப் பருவமழையின் மறைவில் இருக்கிறது. ஐயநாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய கதையை இங்கே எல்லோரும் சொல்வார்கள். அந்தத் தொழில் இந்த மண்ணில் ஒட்டிக்கொண்டதற்கு ஒரு காரணம் வெயில். குச்சி காயணும், மருந்து காயணும், பசை காயணும். பட்டாசும் அச்சும் அதன் பின்னாலேயே வந்தன.

ஈரத்தின் மேல் இந்த ஊருக்கு ஒரு பயமே உண்டு. அலுமினியப் பொடி கலந்த வெடிமருந்தில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேற ஆரம்பிக்கும். அதனால் மழை நாளில் மருந்துக் கலவை விஷயத்தில் பெரியவர்கள் அவ்வளவு கண்டிப்பாக இருப்பார்கள். தொழிற்சாலையில் ஈரத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஊர், வீட்டுக்குள் அதை மறந்துவிடுகிறது. காரணம் எளிது. வருஷத்தில் எட்டு ஒன்பது மாதம் இங்கே சுவர் தானாகக் காய்ந்துவிடும். வீடு கட்டுகிறவருக்கு வெக்கையைத் தடுப்பதுதான் கவலை. மிச்சம் இருக்கிற ஐப்பசி, கார்த்திகை, மார்கழியை யாரும் கணக்கில் வைப்பதில்லை. மழை அதிகமாகப் பெய்வது அப்போதுதான்.

எனக்கு விடை கிடைத்தது அத்தானிடமிருந்து. அக்கா வீட்டுக்காரர் ஆஃப்செட் பிரஸ்ஸில் மெஷின் பார்க்கிறார். நான் லேப்டாப்பில் ஏதேதோ படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மாப்ள, குடோன்ல இருந்து பேப்பர் வந்தா உடனே ரேப்பரப் பிரிப்போமா?"

"தெரியலையே அத்தான்."

"பிரிக்க மாட்டோம். மெஷின் ஹால்ல ஒரு நாள் கட்டோட கிடக்கணும். ஹால் சூட்டுக்கு வந்த பெறகுதான் பிரிக்கணும். அவசரத்துல பிரிச்சா ஓரம் அலை அலையா நெளிஞ்சுரும். அப்புறம் நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு உட்காராது. சாமி படத்துல கண்ணு ஒரு பக்கம், மை ஒரு பக்கம் நிக்கும். ரிஜிஸ்டர் போச்சு. அந்தப் பேப்பர் மாதிரிதான் உங்க அக்கா சுவரும்."

நான் படித்தது மெக்கானிக்கல். சாஃப்ட்வேர் வேலைக்கு வந்தது அப்புறம். சைக்ரோமெட்ரிக் சார்ட் என்று ஒன்றைத் தேர்வுக்காக டேட்டா புக்கில் விரல் வைத்துப் படித்துப் பாஸ் பண்ணியிருக்கிறேன். அந்தக் கோடுகள் எல்லாம் அக்கா வீட்டுச் சுவரைப் பற்றித்தான் பேசின என்று அன்று ராத்திரிதான் உறைத்தது.

டம்ளர் சின்னதானால் தண்ணீர் வழியும்

காற்று ஒரு டம்ளர், அதில் இருக்கிற நீராவி தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று சூடாக இருந்தால் டம்ளர் பெரிசு, குளிர்ந்தால் சின்னது. 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 21 டிகிரியில் 18 கிராம் சொச்சம்தான். 5 டிகிரியில் 7 கிராம்கூட இல்லை.

இங்கிலாந்துக்காரர் சொன்னது அவர் ஊருக்குச் சரி. குளிர்காலத்தில் அங்கே வெளியே 5 டிகிரி. மழையே பெய்தாலும் அந்தக் காற்றில் 7 கிராம் தண்ணீர்தான் இருக்கும். ஹீட்டர் போட்ட 20 டிகிரி அறைக்குள் அது வந்தால் டம்ளர் பெரிசாகிவிடும், ஈரப்பதம் 40 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கும். வந்த காற்று சுவரில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

இப்போது அக்கா வீடு. ஐப்பசிப் புழுக்கம். பையனுக்காக ராத்திரி முழுக்க ஏசி 20-ல் ஓடும். விடிகாலையில் சுவரின் சூடு 21 டிகிரி. பிரஸ்ஸில் ரோலர் சூடு பார்க்கிற இன்ஃப்ராரெட் கன்னை அத்தான் ஒரு நாளைக்கு வாங்கி வந்தார், அதில் பார்த்த அளவு இது. வெளியே ராத்திரி மழை பெய்து விட்டிருக்கிறது. காலை ஆறரைக்கு 25 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம். அந்தக் காற்றில் கன மீட்டருக்கு 21 கிராம் தண்ணீர். என் பேச்சைக் கேட்டு அக்கா ஜன்னலைத் திறக்கிறாள். 21 கிராம் சுமந்து வருகிற காற்று, 18 கிராமுக்கு மேல் தாங்காத சுவரைத் தொடுகிறது. மிச்சம் எங்கே போகும்? சுவரில்தான்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்து அடி உயரம் என்றால் 34 கன மீட்டர். அறைக் காற்று ஒரு தடவை முழுசாக மாறினால், கணக்குப்படி 80 மில்லி வரைக்கும் தண்ணீர் வழியலாம். ஒரு டீ கிளாஸ். எல்லாமே சுவரில் போய் ஒட்டாது, கொஞ்சம் அப்படியே வெளியே போகும். ஆனால் காற்று ஒரு தடவை மட்டும் மாறுவதில்லையே. பத்து நாளும் காலையில் அக்கா கையால் சுவருக்குத் தண்ணீர் தெளிக்க வைத்தது நான்தான்.

காற்று எந்தச் சூட்டுக்குக் குளிர்ந்தால் வழிய ஆரம்பிக்குமோ அதற்குப் பெயர் ட்யூ பாயின்ட். பள்ளிப் புத்தகத் தமிழில் பனிநிலை. அதைக் கண்டுபிடிக்க சார்ட் வேண்டாம். ஈரப்பதத்தை நூறிலிருந்து கழியுங்கள். வருவதை ஐந்தால் வகுங்கள். அதைக் காற்றின் சூட்டிலிருந்து கழியுங்கள். 25 டிகிரி, 90 சதவீதம்: பத்தை ஐந்தால் வகுத்தால் 2, ஆகவே 23. உங்கள் சுவரோ தரையோ 23-க்குக் கீழே இருந்தால் வியர்க்கும். ஈரப்பதம் 50-க்கு மேல் இருக்கும்போது இந்தக் கணக்கு ஓரளவு சரியாகவே வரும், நம் மழைக்காலத்துக்கு அது போதும். ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கும், சூட்டையும் சேர்த்தே காட்டும்.

இன்னொன்று. பூஞ்சணத்துக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தேவையில்லை. சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாள் கணக்கில் நின்றாலே அது முளைத்துவிடும். கறுப்பு ஏன் பீரோவுக்குப் பின்னாடி வந்தது, நடுச் சுவரில் வரவில்லை? பீரோ வெளிச்சுவரை ஒட்டி நின்றது. நடுவில் விரல்கூட நுழையாது. மின்விசிறிக் காற்று அங்கே போகாது, சுவர் காயாது. ஹைக்ரோமீட்டரை ஒரு ராத்திரி அந்த இடுக்கில் செருகி வைத்தேன். அறை நடுவில் 64 காட்டியது, இடுக்கில் 86.

எந்தத் தண்ணீர்?

ஓனர் சொன்னதில் பாதி சரி என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது. ஆனால் மூலையில் இறங்கியிருந்த ஈரம் இந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை. அங்கே கறுப்புப் புள்ளி குறைவு. பழுப்பு நிறத்தில், ஓரத்தில் கோடு போட்ட மாதிரி, வரைபடம் மாதிரி பரவியிருந்தது.

வீட்டுச் சுவருக்கு மூன்று வழியில் தண்ணீர் வரும். மேலிருந்து ஒழுகி வரலாம். கீழே அஸ்திவாரத்திலிருந்து ஏறி வரலாம், இதைத்தான் ஓதம் என்கிறோம். இல்லை, காற்றிலிருந்து வரலாம். ஓதம் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரைதான் பெரும்பாலும் ஏறும். கூடவே வெள்ளையாக உப்புப் பூத்து, சாந்து பொரிந்து உதிரும். மாடி வீடு என்பதால் அக்காவுக்கு அது இல்லை. ஒழுகலா, காற்றா என்று பிரிக்க ஒரு பாலிதீன் தாள் போதும். ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி, சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். அறைப் பக்கம் துளி நின்றால் அது காற்றுத் தண்ணீர். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. பீரோ இடத்தில் அறைப் பக்கம் துளி. மூலையில் உள்பக்கம் துளி.

அப்படியானால் மூலையில் மொட்டை மாடி ஒழுகுகிறது, மழைத் தண்ணீர் என்று முடிவு கட்டினேன். அதுவும் தப்பு. ஆபீஸில் பக் எப்போது வருகிறது என்று லாக் பார்ப்போமே, அது மாதிரி பழுப்பு ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதச் சொன்னேன். மூன்று வாரம். மழை பெய்த மறுநாள் பல தடவை கோடு அசையவே இல்லை. சொட்டு மழை இல்லாத நாளில் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது.

அக்காதான் கண்டுபிடித்தாள். "டேய், இதெல்லாம் நல்லதண்ணி வந்த நாளு."

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. வருகிற அன்று எல்லோரும் தொட்டியை நிரப்புவார்கள், மோட்டார் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். மேலே போய்ப் பார்த்தேன். தொட்டியின் ஓவர்ஃப்ளோ பைப் ஒரு முழ நீளம்தான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வழிகிற தண்ணீர் அப்படியே கைப்பிடிச்சுவரில் விழுந்து, ஒரு விரிசல் வழியாகக் கீழே இறங்குகிறது. மொட்டை மாடித் தட்டோடு அங்கங்கே விட்டுப்போய்த்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஈரத்துக்கு மழை காரணமே இல்லை.

இரண்டுக்கும் தொடர்பும் உண்டு. ஈரச் சுவர் காயும்போது அந்தத் தண்ணீர் அறைக் காற்றில்தான் கலக்கிறது. காய்கிற சுவர் மற்றச் சுவர்களைவிடக் குளிர்ந்தும் இருக்கும், பானைத் தண்ணீர் மாதிரி. அதனால் ஓனர் பங்குத் தண்ணீர் அக்கா பங்குப் பூஞ்சணத்துக்கும் தீனி போட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் பங்குக்குச் செய்தது

முதல் வேலை, பீரோவை உள்சுவருக்கு மாற்றி, நாலு விரல் இடைவெளி விட்டோம். ஒரு ரூபாய் செலவில்லை. செய்ததில் மிக அதிகமாகப் பலன் தந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்து ஏசி. 20 வேண்டாம், 26 வைத்து மின்விசிறியைச் சேர்த்துப் போடச் சொன்னேன். 26-ல் சுவர் பனிநிலைக்குக் கீழே போகாது. காலையில் ஏசியை நிறுத்தினதும் ஜன்னலைத் திறக்கக் கூடாது. மின்விசிறி மட்டும் ஓடட்டும். சுவர் வெளிக்காற்றின் சூட்டுக்கு வர ஒரு மணி நேரம் ஆகும், அதற்கப்புறம் திறக்கலாம். அத்தான் பேப்பர் ரேப்பரைப் பிரிக்காமல் காத்திருப்பாரே, அதேதான். வெயில் வந்த மதியத்தில் எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் திறந்துவிட வேண்டும்.

சமையலறையைப் பற்றி ஒரு கணக்கு சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். கேஸ் எரியும்போது தண்ணீர் உண்டாகிறது. ஒரு கிலோ சமையல் கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது 22 லிட்டர் தண்ணீர் காற்றில் கலந்திருக்கும். குழம்பு கொதிக்கிற ஆவி இதில் சேர்த்தி இல்லை, வெறும் தீயில் இருந்து மட்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தும் அக்கா சத்தம் பிடிக்காமல் போடுவதில்லை. இப்போது போடுகிறாள். சமையலறைக் கதவையும் சாத்திக்கொள்கிறாள்.

வென்டிலேட்டரைக் கொசுவுக்குப் பயந்து பழைய காலண்டர் அட்டை வைத்து அடைத்திருந்தார்கள் (சிவகாசி வீட்டில் காலண்டர் அட்டைக்குப் பஞ்சமே இல்லை). அதைப் பிடுங்கிவிட்டு வலை அடித்தோம். தண்ணீர் டிரம்முக்கு மூடி. துணி விஷயத்தில் மட்டும் பாதி வெற்றிதான். மழை நாளில் குழந்தைத் துணியை எங்கே காயப்போடுவது? மாடிப்படி மேல் தகரம் போட்ட இடத்தில் கொடி கட்டினோம். சாரல் அடித்தால் உள்ளேதான் வரும். அப்போது ஒரே அறையில் போட்டு, கதவைச் சாத்தி, அந்த அறை ஜன்னலை மட்டும் திறந்து விசிறியைப் போடச் சொல்லியிருக்கிறேன். படுக்கையறையில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இருந்த பூஞ்சணத்தைத் துடைப்பது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், வித்தெல்லாம் காற்றில் பறக்கும். குழந்தையை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, முகக்கவசம், கையுறை போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். துணியைத் தூக்கி எறிந்துவிடுங்கள். பிறகு விசிறி வைத்து நன்றாகக் காயவிடுங்கள். ப்ளீச்சிங் பவுடர் கரைசல் நிறத்தை எடுக்கும். ஆனால் சாந்துக்குள் ஈரம் இருந்தால் திரும்ப வரும். அதைவிட முக்கியம், ப்ளீச்சிங்கோடு கழிவறை கழுவும் ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடின அறையில் ஆபத்து. அந்துருண்டை வாசனையை மறைக்கும், அவ்வளவுதான். ஈரம் உறிஞ்சும் டப்பா பீரோவுக்குள் வைக்கலாம், ஒரு அறைக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பெயின்ட்? சுவர் காயாமல் எதையும் அடிக்க வேண்டாம். எமல்ஷன் ஒரு பிளாஸ்டிக் சட்டை மாதிரி. உள்ளே ஈரத்தோடு அதை மாட்டினால் ஆறு மாசத்தில் கொப்புளம் கட்டிக் கழன்று விழும். எங்கள் ஆச்சி காலத்தில் மழை முடிந்து, பொங்கலுக்கு முன்னாடி வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அது அழகுக்கு என்று நினைத்திருந்தேன். புதுச் சுண்ணாம்பில் காரத்தன்மை அதிகம், அதில் பூஞ்சணம் வளராது. சுவர் மூச்சும் விடும். மார்கழிக் கடைசியில், மூன்று மாத ஈரத்துக்குப் பின்னாடி அதை அடித்ததில் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. எமல்ஷன் மேல் சுண்ணாம்பு ஒட்டாது என்பதால் இப்போது நினைத்த உடனே மாற முடியாது, சுரண்ட வேண்டும்.

"உங்க பழக்கம்தான் காரணம்"

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் அவாப் இஷாக் என்று ஒரு குழந்தை. ஒரு வீட்டுவசதி நிறுவனத்துக்குச் சொந்தமான ஒற்றைப் படுக்கையறை வாடகை வீடு. பூஞ்சணம் இருக்கிறது என்று அப்பா 2017-ல் சொன்னபோது, மேலே பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். அந்தக் குடும்பம் வாழ்கிற விதமும், குளிக்கிற பழக்கமும்தான் ஈரத்துக்குக் காரணம் என்று அவர்களாகவே ஊகித்துக்கொண்டார்கள். 2020 டிசம்பரில் இரண்டு வயதில் குழந்தை இறந்துபோனான். வீட்டில் இருந்த பூஞ்சணத்தை நெடுநாள் சுவாசித்ததால் வந்த மூச்சுக்கோளாறுதான் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி சொன்னார். அவன் பெயரிலேயே சட்டம் வந்தது. 2025 அக்டோபர் 27 முதல் அங்கே சமூக வாடகை வீடுகளுக்கு அது அமலில் இருக்கிறது. ஆபத்தான ஈரம், பூஞ்சணம் என்று புகார் வந்தால் பத்து வேலை நாளுக்குள் வந்து சோதித்தாக வேண்டும், உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் சரி செய்தாக வேண்டும்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மருமகனுக்கு அந்த அளவுக்கு எதுவும் இல்லை, டாக்டர் நெபுலைசர் வைத்தார், அறையைக் காய்ந்த நிலையில் வைக்கச் சொன்னார். இருந்தாலும் "உங்க பழக்கம்தான் காரணம்" என்ற வார்த்தை காதில் ஒட்டிக்கொண்டது. அதே வார்த்தையைத்தான் எங்கள் ஓனரும் சொன்னார். பூஞ்சணத்தில் இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு எல்லைக் கோடு கிடையாது, வராமல் தடுப்பதுதான் வழி என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009-ம் வருஷ வழிகாட்டியும் சொல்கிறது.

நம் ஊரில் பூஞ்சணத்துக்கென்று அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் 2017-ல் நிறைவேறி, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில், எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்று ஒரு அட்டவணை உண்டு. கட்டடத்தின் அடிப்படை ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பு, தேவைப்படும்போது குழாய் மாற்றுவது உரிமையாளர் பக்கம். டேப் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச் மாதிரி விஷயங்கள் குடியிருப்பவர் பக்கம். அக்காவுக்கு நான் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைக் காட்டவே இல்லை. "கீழ் வீட்டுலயே இருக்காரு, நாளைக்கும் அவரு மூஞ்சியிலதான முழிக்கணும்," என்றாள்.

அவள் செய்தது வேறு. தண்ணீர் வந்த அன்று, மோட்டார் ஓடும்போது ஓனரை மாடிக்குக் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, ஒரு நிமிஷம் வந்து பாருங்க." தண்ணீர் சுவரில் இறங்குவதை அவர் கண்ணால் பார்த்தார். அப்புறம் கீழே வந்து பென்சில் கோடுகளைக் காட்டினாள். பீரோவை நகர்த்தியதையும், ஏசியைக் குறைத்ததையும், எங்கள் பக்கத் தப்பையும் அவளே முதலில் சொல்லிவிட்டாள். நான் இருந்திருந்தால் அதைச் சொல்ல விட்டிருக்கமாட்டேன். அவர் பதில் பேசவில்லை. அந்த வாரமே இரண்டு நீளம் பிவிசி பைப்பும் ஒரு எல்போவும் வாங்கி ஓவர்ஃப்ளோவைத் தரைவரை இறக்கிவிட்டார்.

தட்டோடு இன்னும் போடவில்லை. "தீபாவளி யாவாரம் முடியட்டும்" என்பது போன வருஷப் பதில், இந்த வருஷமும் அதே பதில். அட்வான்ஸ் பேச்சு அதற்கப்புறம் எழவில்லை, முடிந்துவிட்டது என்றும் யாரும் சொல்லவில்லை. மூலையில் பழுப்பு நின்றுவிட்டது. கடைசிக் கோடு கார்த்திகை 12 என்று அக்கா கையெழுத்தில் இருக்கிறது. தை மாசத்துக்கு அப்புறம் பையனுக்கு இழுப்பு வரவில்லை. மழைக்காலம் முடிந்ததால்கூட இருக்கலாம் என்பதால் அதை என் வெற்றிக் கணக்கில் எழுத மாட்டேன். இந்த ஐப்பசி வரட்டும், பார்ப்போம்.

மேகம் கட்டியிருக்கு. ஹைக்ரோமீட்டர் இப்போ 28 டிகிரி, 75 சதவீதம் காட்டுது. அக்கா உள்ளேயிருந்து, "ஜன்னலத் திறக்கவாடா, மூடவா?"ன்னு கேட்கிறா. இருபத்தஞ்சை அஞ்சால வகுத்தா அஞ்சு, பனிநிலை 23. ஏசி நின்னு மூணு மணி நேரம் ஆச்சு. திறக்கச் சொல்லிட்டேன்.

அடுத்த எபிசோடில், மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் வீட்டு வெக்கை உண்மையிலேயே குறையுமா என்று பார்க்கலாம். உங்கள் வீட்டுச் சுவர்க் கதை இருந்தால் குரல் பதிவாக அனுப்புங்கள், தேதியோடு.